மைக்செட்டின் மூன்றாவது கூப்பாடு

சென்னைப் பட்டணத்தில் இதுவரை பிறந்தவர்களில், என் மானத்தை மைக்செட் அளவுக்குத் தூரமாகக் கொண்டுபோனவர் வேறு யாரும் கிடையாது. சாதாரண எதிரி ஒருவனை அவன் தெருவுக்குள் அவமானப்படுத்துவான். சொந்தக்காரன் என்றால் கல்யாண மண்டபத்துக்குள். மைக்செட் என் பெயரைக் கோர்ட் வாசலில் எடுத்துக்கொண்டு கிளம்பி, கச்சேரி ரோடு முழுக்க இழுத்துப்போய், மாட வீதியில் அறுபத்து மூவர் உற்சவக் கூட்டத்துக்கு நடுவில் கொட்டிவிட்டு வந்தவர். அதுவும் முழுப் பெயர் இல்லை. பாதிப் பெயர்.

அந்த மனிதரைப் பற்றி எழுதக் கூடாது என்று பல வருஷமாகப் பிடிவாதமாக இருந்தேன். போன மாதம் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கியும் இறங்கவில்லை. எழுதினால் இறங்குமா என்று பார்க்கிறேன்.

கொதிப்புக்குக் காரணம் ஓர் அருங்காட்சியகம். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் சிவப்புச் செங்கல்லில் நின்ற பழைய கோர்ட் கட்டடம், சுவரில் அரசமரக் கன்று முளைத்து நெடுநாள் பாழாகக் கிடந்தது. அதைச் சுரண்டி, பூசி, மெருகேற்றி, வட்டார வரலாற்று அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். பார்க்கப் போனேன். கூட வந்தவர் அலமேலு மாமி.

மாமி எனக்கு உறவல்ல. என் பழைய வீட்டுக்காரர். மாடிப் போர்ஷனிலிருந்து என்னைக் காலி செய்யச் சொல்லி, அதே கோர்ட்டில் என் மேல் பதினோரு வருஷம் வழக்கு நடத்தியவர். இப்போது அந்த வீடு இடிந்து அடுக்குமாடியாகிவிட்டது. அவரும் நானும் ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவு. எனக்கு எழுபத்தெட்டு, அவருக்கு எண்பது. ஒரே ஆட்டோவில் ஏறினோம்.

"சாரும் மேடமும் ஜோடியா மியூசியமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஜோடியும் இல்லை, மூடியும் இல்லை. இவர் பிரதிவாதி" என்றார் மாமி.

அதற்குப் பிறகு அந்த மனிதர் கண்ணாடியைத் திருப்பி எங்களைப் பார்க்கவே இல்லை.

என் கோபம் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆவணங்கள் வைத்திருந்த அறையில் கோல்ட் காபி விற்கிறார்கள். முன்சீப் உட்கார்ந்த நாற்காலியில் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்ளலாம். ஒருவன் அதில் உட்கார்ந்து, சாட்சிக் கூண்டில் நின்ற தன் மனைவிக்கு ஆயுள் தண்டனை விதித்தான். அந்தப் பெண் சிரித்தாள். அவள் ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியவில்லை. விளக்கப் பலகைகள் முப்பத்தொன்று. அவற்றில் எழுத்துப் பிழைகள் நாற்பத்து நான்கு. நான் அரசாங்கத்தில் புள்ளிவிவரம் எடுக்கும் உத்தியோகம் பார்த்தவன். பிழையாக எண்ணியிருக்க மாட்டேன்.

மாமியும் நானும் வழக்கு நாட்களில் உட்காரும் பெஞ்ச் அங்கே இருந்தது. வார்னிஷ் அடித்து, சுற்றிலும் கயிறு கட்டி, "அமரக் கூடாது" என்று எழுதி வைத்திருந்தார்கள். மாமி கைத்தடியால் கயிற்றைத் தூக்கினார், உள்ளே நுழைந்தார், உட்கார்ந்தார்.

வழிகாட்டிப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். சட்டையில் நஸ்ரீன் என்று பட்டை. "ஆன்ட்டி, ஆன்ட்டி, அதுல உட்காரக் கூடாது ஆன்ட்டி. அது எக்ஸிபிட்."

"பதினோரு வருஷம் இதுலதான் உக்காருன்னு உக்காத்தி வெச்சா. இப்போ கூடாதுங்கறயா? இந்த இடத்துல ஆணி ஒண்ணு குத்தும். பாரு, இப்பவும் குத்தறது. ஆணியைப் பிடுங்காம வார்னிஷ் அடிச்சிருக்கா."

நஸ்ரீன் என்னைப் பார்த்தாள். நான் எதிர்க்கட்சி என்பதால் தலையிடவில்லை.

அப்போதுதான் மூலையில் அந்தப் பொம்மையைப் பார்த்தேன். ஃபைபரில் ஆளுயரத்துக்கு ஒரு டவாலி. தலையில் முண்டாசு, மார்பின் குறுக்கே சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. இன்றைக்கு டவாலி என்றால் யாருக்குத் தெரியும்? நீதிபதிக்கு முன்னால் நடப்பவர். வழக்கு வந்தால் கட்சிக்காரரின் பெயரை மூன்று முறை கூப்பிடுபவர். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் கதை முடிந்தது. வழக்குப் போட்டவர் வரவில்லையென்றால் வழக்கு தள்ளுபடி. எதிராளி வரவில்லையென்றால் அவர் இல்லாமலே தீர்ப்பு. ஒருவனுடைய வீடும் நிலமும் அந்த மூன்று கூப்பாட்டுக்குள் அடக்கம்.

அந்தப் பொம்மைக்கு வாய் மூடியிருந்தது. டவாலிக்கு மூடிய வாய்! மண்டபத்தில் மொத்தம் ஆறு பொம்மைகள். வாய் திறந்திருந்தது வக்கீல் பொம்மைக்கு மட்டும்.

பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான். "டவாலியின் அழைப்பைக் கேளுங்கள்." அழுத்தினேன். வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல ஒரு பதமான குரல், "சுந்தரம், சுந்தரம், சுந்தரம்" என்றது. முடிந்தது. மூன்றும் ஒரே நீளம், ஒரே மூச்சு. மழைக்கால ரயில் நிலையத்தில்கூட இதைவிட அக்கறையாக அறிவிப்பார்கள்.

"தப்பு" என்று கத்தினேன். "மூணாவது தப்பு! யாரம்மா இதைச் செய்தது?"

"என்ன அங்கிள் தப்பு? மூணு தடவை கரெக்டாத்தானே கூப்பிடுது?" என்றாள் நஸ்ரீன்.

"மூணு தடவை கூப்பிடுவதா கூப்பாடு? உனக்கு மைக்செட்டைத் தெரியுமா?"

"மைக்செட் இதுக்குள்ளதான் அங்கிள் இருக்கு. ஸ்பீக்கர் மேல மாட்டியிருக்கோம்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மாமி பெஞ்சிலிருந்து, "அவளுக்கு ஆதியோடந்தமா சொல்லுங்கோ சார்வாள். என் கேஸையும் விட்டுடாமச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

மைக்செட் அந்தக் கோர்ட்டின் டவாலி. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. மாமிக்கும் தெரியாது, வக்கீல்களுக்கும் தெரியாது. அந்த வட்டாரத்தில் இருந்த பெயரையெல்லாம் கூப்பிட்டவரை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டினப்பாக்கத்துக்காரர். ஒல்லி உடம்பு. அந்த உடம்புக்குள் அப்படி ஒரு சத்தத்தை யார் வைத்தார்கள் என்று பார்த்தவர்கள் எல்லோரும் கேட்பார்கள்.

"எங்கம்மா கரையில நின்னுகினு கூப்ட்டா, கட்டுமரத்துல கீற எங்க நைனாவுக்குக் கேக்கும் சார். நானு அதுல பாதி கூட இல்ல" என்பார்.

அந்தப் பாதிக்கே கோர்ட் கூரையில் இருந்த புறாக்கள் அத்தனையும் பறக்கும். எண்ணிப் பார்த்திருக்கிறேன், நாற்பத்திரண்டு. நாளடைவில் புறாக்கள் பழகிவிட்டன. முன்சீப் பழகவில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் நாற்காலியில் ஒரு துள்ளு துள்ளுவார். புதிதாக மாற்றலாகி வந்த முன்சீப் ஒருவர் முதல் நாளே துள்ளி, மைக்கூட்டைத் தன்மேல் கவிழ்த்துக்கொண்டு, சட்டை முழுக்க நீலமாகி, யாருக்கும் தெரியாமலிருக்க அன்றைய வழக்குகள் எல்லாவற்றையும் கையைக் கட்டிக்கொண்டே விசாரித்தார்.

மைக்செட்டுக்கு எல்லாமே மூன்று முறைதான். டீக்கடையில் "டீ" என்பார், "டீ" என்பார், மூன்றாவது முறை "டீஈஈ" என்று இழுக்கும்போது எதிர்ச்சாரியில் தூங்கும் நாய் எழுந்து போய்விடும். அவரை யாராவது கூப்பிட்டாலும் அதே கணக்கு. முதல் முறைக்குத் திரும்ப மாட்டார். இரண்டாவது முறைக்கும் திரும்ப மாட்டார். ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"காது கேட்கிறது இல்லையா? முதலிலேயே திரும்பினால் என்ன?"

"மொத தபா கூப்ட்டா அது காத்து சார். ரெண்டாவது தபா கூப்ட்டா காக்கா. மூணாவது தபா எவன் கூப்புடறானோ, அவனுக்குத்தான் நெசமாவே நாம வேணும்."

இந்தத் தத்துவத்தால் அவர் இரண்டு பஸ்களைத் தவறவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். கண்டக்டர் இரண்டு முறைதான் கூப்பிட்டார்.

என் வழக்குக்கு வருகிறேன். அந்த வீட்டில் தண்ணீர் மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஓடுகிறது, மாமி எத்தனை வாளி எடுக்கிறார், எங்களுக்கு எத்தனை வருகிறது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணினால் என்ன குற்றம்? மாமி, "ஆத்துல ஒரு வாளி தண்ணி நிம்மதியா எடுக்க முடியலை, மேலேர்ந்து எண்ணிண்டே இருக்கார்" என்று ஊரெல்லாம் சொல்லி, சொந்த உபயோகத்துக்கு வீடு வேண்டும் என்று வழக்குப் போட்டுவிட்டார். எனக்கோ இரண்டு பெண்கள். பெரியவளுக்கு அசோக் நகரில் ஒரு நல்ல இடம் கூடி வந்துகொண்டிருந்தது. வீட்டை விட்டு விரட்டப்படப் போகிறவன் என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்? ஆகவே கோர்ட், கேஸ், வாய்தா என்ற பேச்சே வெளியே போகாமல் பூட்டி வைத்திருந்தேன்.

ஒரு வாய்தா அன்று நான் நேரத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மாமியைக் காணோம். அவர் கோர்ட்டுக்கு வரும்போதெல்லாம் தயிர்சாதமும் வடுமாங்காயும் கொண்டு வருவார். அன்று வடுமாங்காயை மறந்து, பாதி வழியில் திரும்பிப் போயிருக்கிறார். வழக்கை அழைத்தார்கள். மைக்செட் மண்டபத்துக்குள் "அலமேலு அம்மாள்!" என்றார். புறாக்கள் அசையவில்லை, முன்சீப் துள்ளினார். வராந்தாவுக்குப் போய் "அலமேலு அம்மாள்!" என்றார். எனக்கு உள்ளுக்குள் கொட்டு மேளம் கேட்டது. இன்னும் ஒன்று. ஒரே ஒன்று. வழக்கு தள்ளுபடி, வீடு எனக்கு.

மைக்செட் படியில் இறங்கினார். "அலமேஏஏஏ..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. வாசலைத் தாண்டினார். "மேஏஏஏ" என்ற சத்தம் தெருவில் திரும்பியது, தேய்ந்தது, காணாமல் போனது. முன்சீப் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் கோர்ட்டில் மைக்செட் திரும்பி வந்து "மூணு தபா கூப்ட்டாச்சு, ஆஜர் இல்ல" என்று சொன்னால்தான் எழுதுவார்கள். தலைக்கு மேல் எட்டு விசிறிகள். மூன்றுதான் சுற்றும். அந்த மூன்றையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் மைக்செட் வந்தார். முன்னால் மாமி, பின்னால் மாமியின் அடுக்குக் கேரியரைத் தூக்கிக்கொண்டு அவர். மாமியின் கால் வாசற்படியில் பட்ட அதே விநாடியில், "...லு அம்மாள்! ஆஜர்!" என்று முடித்தார்.

நான் எழுந்துவிட்டேன். என் வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. "இது அக்கிரமம்! இது கூப்பாடா, ஊர்வலமா?" என்று கேட்டேன்.

முன்சீப் மைக்செட்டைப் பார்த்தார். "ஏம்ப்பா, மூணு தடவை கூப்பிடச் சொன்னா எங்கே போனே?"

"ஐயா, மூணாவது இன்னும் முடியலீங்களே. பாதி தானே கூப்ட்டுகினு இருந்தேன்."

"பாதிப் பேரை வச்சுக்கிட்டு எங்கே போனேங்கறேன்?"

"மீதியைக் கொண்டாரத்தான் ஐயா."

மண்டபமே சிரித்தது. என் வக்கீலும் சிரித்தார். அன்றே அவரை மாற்றியிருக்க வேண்டும். முன்சீப் மட்டும் சிரிக்காமல், "இது எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று கேட்டார்.

"மொத ரெண்டு கோர்ட்டுக்கு ஐயா. மூணாவது அந்த ஆளுக்கு" என்றார் மைக்செட்.

முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "நடத்துங்க" என்றார். அவ்வளவுதான். என் வீடு வடுமாங்காயில் போயிற்று. அன்று மத்தியானம் வராந்தாவில் மாமி அந்த வடுமாங்காயில் இரண்டு எடுத்து என் பக்கம் நீட்டினார். கோபத்தில் வாங்கவில்லை. பிறகு வாங்கினேன். நன்றாக இருந்ததுதான் இன்னும் கோபம்.

அதிலிருந்து மைக்செட்டோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அடுத்தது என் முறை. எந்தப் புத்திசாலி அந்த வாய்தாவைப் போட்டாரோ, அது அறுபத்து மூவர் அன்று விழுந்தது. தீர்ப்பு சொல்லக்கூடிய வாய்தா. நான் வராவிட்டால் வீடு போயிற்று. தி.நகர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடித்தால், லஸ்ஸுக்கு முன்பே பஸ் நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன். மயிலாப்பூரில் அன்றைக்கு நடப்பது என்று ஒன்று கிடையாது. கூட்டம் எங்கே நகர்கிறதோ அங்கே நாம் போய்ச் சேருவோம். கோர்ட்டுக்குப் போக வேண்டிய என்னைக் கூட்டம் குளத்தங்கரைக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய், ஒரு நீர்மோர்ப் பந்தலில் நிறுத்தியது. அங்கே கரண்டியும் கையுமாக மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? அசோக் நகர்க்காரர். சம்பந்தியாகப் போகிறவர். வருஷா வருஷம் வந்து மோர் ஊற்றுவது அவருக்கு வேண்டுதலாம்.

"அடடே, வாங்க வாங்க! சாமி பாக்க வந்தீங்களா?"

"ஆமாம், ஆமாம். சாமி பார்க்கத்தான்" என்றேன்.

மோர் டம்ளர் கைக்கு வந்தது. வாயில் வைத்தேன். அப்போது கேட்டது.

"சண்முகாஆஆஆ..."

மேளம், நாகஸ்வரம், சங்கு, ஊதல், பலூன் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே அது மட்டும் தனியாக வந்தது. என் பெயர் சண்முகசுந்தரம். பாதிதான் வந்துகொண்டிருந்தது. மீதி மைக்செட்டின் தொண்டையில் பத்திரமாக இருந்தது. நான் டம்ளருக்குப் பின்னால் முகத்தை மறைத்தேன்.

ஆனால் சத்தத்தைக் கூட்டம் வாங்கிக்கொண்டுவிட்டது. மயிலாப்பூர்க் கூட்டத்துக்கு எதைக் கொடுத்தாலும் அடுத்தவரிடம் கொடுத்துவிடும். பலூன்காரர் கொழுக்கட்டை மாவு விற்கிற அம்மாளிடம் சொன்னார். அம்மாள் பாத்திரக் கடையிடம் சொன்னாள்.

"யாருப்பா சம்முகம்? கோர்ட்டுல கூப்புடறாங்கோ!"

"இன்னா கேஸாம்?"

"வூட்ட காலி பண்ண மாட்றானாம்!"

"பாவம், கடன்காரனா?"

"யாரு கண்டா, ரெண்டு பொண்டாட்டியோ இன்னாவோ!"

பத்தடி தூரத்துக்குள் எனக்கு இரண்டாம் கல்யாணம் நடந்துவிட்டது. மோர்க்கரண்டியைக் கையில் பிடித்தபடி அசோக் நகர்க்காரர் கேட்டார், "சண்முகம்னு கூப்பிடறாங்களே, உங்களையா?"

"ஊரில் எத்தனையோ சண்முகம்" என்றேன்.

அது பொய்யில்லை. சண்முகம் என்ற பெயருடைய ஒவ்வொருவனும் தன் மேல் ஏதோ வழக்கு இருக்கிறது போலிருக்கிறது என்று பயந்துபோய் மைக்செட்டிடம் வந்து சேர்ந்துகொண்டிருந்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் வந்தபோது பின்னால் ஏழு சண்முகங்கள். சண்முகவேல், சண்முகநாதன், வெறும் சண்முகம் மூன்று பேர், ஒரு பையனைத் தோளில் தூக்கிய சண்முகராஜ், மற்றொருவர் ஆறுமுகம். "ரெண்டும் ஒரே சாமிதானே" என்று வந்திருந்தார்.

மைக்செட் என்னைப் பார்த்தார். முகம் வியர்வையில் பளபளத்தது, முண்டாசு அவிழ்ந்து தோளில் கிடந்தது. "சண்முகாஆஆ" என்று இழுத்துக்கொண்டே கையால் ஜாடை காட்டினார், ஓடி வா என்று. நான் நகரவில்லை. அவர் மூச்சை விட்டார்.

"ஓடியா சார்! எவ்ளோ நேரம் பாதிப் பேரை வாயில வெச்சிகினு நிக்கறது? முழுசாச் சொல்லிட்டா மூணாவது முடிஞ்சிடும், உன் வூடும் முடிஞ்சிடும்!"

நீர்மோர்ப் பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தாறு பேர். அந்த நிலைமையிலும் எண்ணினேன்.

ஓடினோம். மைக்செட், நான், ஏழு சண்முகங்கள், கையில் கரண்டியோடு அசோக் நகர்க்காரர். வழக்கு என்றதும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். "எனக்கு எழும்பூர்ல பதினாலு வருஷமா ஓடுதுங்க. சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாம இருந்தேன். நம்ம ரெண்டு குடும்பமும் ஒத்துப் போகும்!" என்று ஓடிக்கொண்டே சொன்னார். என் பெண்ணின் கல்யாணம் கச்சேரி ரோட்டில் ஓட்டத்தில் நிச்சயமானது.

என் கால் கோர்ட் வாசற்படியில் பட்டது. "...சுந்தரோம்ம்ம்! ஆஜர்!" என்று மைக்செட் முடித்தார்.

முன்சீப் எங்கள் கும்பலைப் பார்த்தார். "இதுல யாருப்பா பிரதிவாதி?"

"மோர் மீசையோட நிக்கறவரு ஐயா."

மாமி பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். "நன்னா இருக்கே! அவரை அழைச்சிண்டு வரதுக்கு நீர் யாரு?"

"உன்னிய இட்டாந்த அதே ஆளுதான் மாமி."

மாமி உட்கார்ந்துவிட்டார். ஆணி குத்தியிருக்கும்.

தீர்ப்பு அன்று வரவில்லை. வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகிக் கடைசியில் மாமியும் நானும் ராஜியாகிவிட்டோம். ஆனால் அன்று சாயங்காலம் வராந்தாவில் மைக்செட்டை நான் விடவில்லை. "மயிலாப்பூர் முழுக்க என் மானம் போய்விட்டது. உமக்கு யார் இந்த அதிகாரத்தைக் கொடுத்தது?" என்று கத்தினேன்.

அவரும் கத்தினார். எங்களுடைய சண்டையில் என் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. "மானம் போனா திரும்பி வரும் சார். வூடு போனா வருமா? ரெண்டு பொண்ண வெச்சிகினு எங்க போயி நிப்ப? தொண்ட காஞ்சி கெடக்குது, கத்தாம ஒரு டீ சொல்லு. மூணு தபா சொல்லு, அப்பத்தான் குட்ப்பான்."

சொன்னேன். மூன்று முறை.

பிறகு அவர் ஓய்வு பெற்றார். கோர்ட் வேறு கட்டடத்துக்குப் போயிற்று. அங்கே இப்போது திரையில் வழக்கு எண் வருகிறது. எண் கூப்பிடாது, தேடி வராது. சில வருஷங்களுக்கு முன்பு மாமியும் நானும் பட்டினப்பாக்கத்துக்குப் போய் மீன் கடைகளில் "மைக்செட் வீடு எது?" என்று விசாரித்தோம். எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் வழி காட்டினார்கள். போய்ப் பார்த்தால் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற கடை. கடைக்காரர், "எத்தினி ஸ்பீக்கரு வோணும் பெரியவரே?" என்றார். பழைய வீடுகளை இடித்தபோது நிறையப் பேர் வேறு பக்கம் போய்விட்டார்கள் என்று ஒரு மீன்காரம்மா சொன்னாள். பெயர் தெரியாத ஆளை எந்தப் பெயர் சொல்லித் தேடுவது?

நஸ்ரீன் முழுவதையும் கேட்டாள். கோல்ட் காபிக்காரனும் கேட்டான். நான் மறுபடியும் பச்சைப் பொத்தானைக் காட்டினேன். "இப்போது சொல். இது கூப்பாடா? மூன்றாவதை இப்படிக் கூப்பிட்டிருந்தால் இந்த மாமிக்கு வழக்கு இருந்திருக்காது, எனக்கு வீடு இருந்திருக்காது. இங்கே வருகிற பிள்ளைகள் எல்லாம் கோர்ட் என்றால் இப்படித்தான் இருந்தது என்று நம்பிக்கொண்டு போகும். மாற்று!"

"அவர் வாய்ஸ் எதுலயாச்சும் ரெக்கார்ட் ஆகியிருக்கா அங்கிள்?"

"இல்லை."

"அப்ப நீங்களே கூப்பிட்டுக் காட்டுங்க. நான் போன்ல எடுத்துக்கறேன். மேல கேட்டுட்டுப் போட்டுடலாம். யார் பேரைக் கூப்பிடுவீங்க?"

யார் பெயரைக் கூப்பிடுவது? எனக்கு ஒரே பெயர்தான் தோன்றியது.

என் தொண்டை கூட்டல் கழித்தல் சொல்லிப் பழகியது. இருந்தாலும் மண்டபத்தின் நடுவில் நின்று, "மைக்செட்!" என்றேன். முன்சீப் நாற்காலியில் இருந்தவன் துள்ளினான். திருப்தியாக இருந்தது. வராந்தாவுக்குப் போய், "மைக்செட்!" என்றேன். பதில் இல்லை. அதற்காக நான் கவலைப்படவில்லை. முதல் இரண்டுக்கு அவர் எப்போது திரும்பியிருக்கிறார்?

படியிறங்கினேன். நஸ்ரீன் போனைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். மாமி கைத்தடியோடு பின்னால். "மைஈஈஈ..." என்று ஆரம்பித்தேன். வாசல் வரை இழுத்தேன். தெருவில் கார்களும் ஸ்விக்கி வண்டிகளும் போய்க்கொண்டிருந்தன. ஒருவரும் திரும்பவில்லை. மூச்சு முட்டியது. முடித்திருக்கலாம், இன்னும் மூன்று எழுத்துதான். முடிக்கவில்லை. முடித்துவிட்டால் மூன்றாவதும் ஆகிவிடும். பிறகு "ஆஜர் இல்லை" என்று யாராவது எழுதிவிடுவார்கள்.

"மீதி, அங்கிள்?" என்றாள் நஸ்ரீன்.

பதினோரு வருஷம் நான் செய்த ஒவ்வொன்றையும் ஆட்சேபித்தவர் மாமி. அன்று ஆட்சேபிக்கவில்லை. "அவ்வளவுதான்டிம்மா. அணைச்சுடு" என்று அவர்தான் சொன்னார்.

போன வாரம் நஸ்ரீன் போன் செய்தாள். என் குரலைப் பொத்தானில் ஏற்றிவிட்டார்களாம். ஆனால் பொம்மையின் வாயைத் திறக்க முடியாதாம். அதற்கு ஒரு சண்டை போட்டேன். பிறகு தயங்கித் தயங்கி, "அங்கிள், விசிட்டர்ஸ் கம்ப்ளைன்ட் பண்றாங்க. மூணாவது பாதியில நிக்குது, மெஷின் ரிப்பேர்னு நினைக்கறாங்க. டெக்னீஷியன் வந்து அந்தப் பாதியைக் கட் பண்ணிடலாமான்னு கேக்கறார்" என்றாள்.

"தொட்டால் வழக்குப் போடுவேன்! மாமியும் சேர்ந்து போடுவார்!" என்று கத்தினேன். எதிர்க் கதவு திறந்து, "போடுவேன்!" என்று மாமி குரல் கொடுத்தார்.

"சரி அங்கிள், சரி அங்கிள். அப்ப பக்கத்துல ஒரு போர்டாச்சும் வைக்கணுமே. என்னன்னு எழுதட்டும்?"

பிழையில்லாமல் எழுதச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன்:

"இது பழுது இல்லை. மீதியைக் கொண்டுவரப் போயிருக்கிறார்."